வெளுத்ததெல்லாம் தேமல் அல்ல

"வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பிவிடாதே" என்று நம் வீட்டுப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். பாலுக்கும் சுண்ணாம்புத் தண்ணீருக்கும் நிறம் ஒன்றே. பார்த்த மாத்திரத்தில் ஏமாந்து போகலாம். ஆராய்ந்து பார்த்தால்தான் உண்மை விளங்கும். இப்பழமொழியின் பொருளை இவ்வாண்டு பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் புத்தகத்தில் கற்கவில்லை. பூக்கட்டும் ஒரு கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டோம். அதையே இம்மலரில் எழுத விரும்புகிறோம்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பெரியம்மா, தேரடி வீதிப் பக்கம் பூக்கட்டி விற்பவர். அவருடைய இடது முன்கையில், சுண்டுவிரல் பக்கமாக, ஒரு ரூபாய் நாணய அளவில் வெளிறிய தடம் ஒன்று இரண்டு ஆண்டுகளாக இருந்தது. அது அரிக்கவில்லை, வலிக்கவும் இல்லை. "வெறும் தேமல்தான்டி. நாள் முழுக்க வெயில்ல உட்கார்றேன் இல்ல?" என்று சொல்லி, மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவி வந்தார். அக்கம்பக்கத்தாரும் அதைத் தேமல் என்றே சொன்னார்கள். வலிக்காத ஒன்றுக்கு மருத்துவரிடம் போவானேன் என்று யாவரும் இருந்துவிட்டனர்.

சென்ற கார்த்திகை தீபத்தின்போது பூவுக்குக் கிராக்கி அதிகம். இரவு பகலாகக் கட்டினார். கையிலிருந்து நார் அடிக்கடி நழுவியது. வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். ஒரு நாள் காலையில் அடுப்பிலிருந்த பால் பாத்திரத்தை இறக்கியபோது அவர் கையில் பெரிய கொப்புளம் எழும்பியிருந்தது. அதைக் கண்டவள் எங்கள் தோழிதான்.

"ஐயோ பெரியம்மா, கை வெந்து போயிருக்கே!"

"எங்கடி? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

அந்த வாரம் எங்களுக்கு அறிவியல் வகுப்பில் நரம்பு மண்டலம் பாடம் நடந்துகொண்டிருந்தது. சுட்டால் கை தானாகவே பின்வாங்கும் என்று படித்தவள், பெரியம்மாவின் கை ஏன் பின்வாங்கவில்லை என்று எங்கள் அறிவியல் சிஸ்டரிடம் கேட்டாள். சிஸ்டர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு, "அந்தக் கொப்புளம் வெளிறிய தடத்தின் மேலேயா வந்தது?" என்று கேட்டார்கள். "ஆம்" என்றதும், "நாளைக்கே தோல் மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொல்லம்மா" என்றார்கள்.

அந்தத் தடம் தேமல் அன்று. அது தொழுநோயின் தொடக்கம்.

பெரியம்மாவின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். "எம் பேரு வேண்டாம். ஆனா எழுதுங்க, நாலு பேருக்குப் பிரயோசனப்படட்டும்" என்றார்.

தோல் பேசும் மொழி

மனிதத் தோலுக்கு வரும் நோய்கள் பல நூறு. ஆனால் அவற்றை வெளிக்காட்டத் தோலுக்குத் தெரிந்த வழிகளோ மிகச் சில. வெளிறும், சிவக்கும், கருக்கும், செதில் உதிர்க்கும், தடிக்கும், கொப்பளிக்கும். ஆகவே முற்றிலும் வேறான இரண்டு நோய்கள் ஒரே தோற்றத்தில் நம் முன் வந்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்று ஊரெல்லாம் காணப்படுவது, மற்றொன்று அரிதானது. நம் கண்ணோ பழகிய பெயரையே முதலில் சூட்டிவிடுகிறது.

இக்குழப்பம் இன்று நேற்று வந்ததன்று. விவிலியத்தில் லேவியர் நூலின் 13ஆம் அதிகாரத்தில், தோலில் தடம் கண்டவரைக் குருவிடம் அழைத்து வரவேண்டும் என்று கூறப்பட்டுள்ளது. குரு உடனே முடிவு சொல்லிவிடுவதில்லை. தடம் தோலினும் ஆழமாகத் தெரிகிறதா, அதிலுள்ள மயிர் வெளுத்துள்ளதா என்று பார்க்கிறார். ஐயம் இருந்தால் ஏழு நாள் கழித்து மறுபடியும் பார்க்கிறார். அந்நூலில் தொழுநோய் என்று நாம் படிக்கும் எபிரேயச் சொல், இன்று மருத்துவர் கூறும் தொழுநோயை மட்டும் குறிப்பதன்று. பலவகைத் தோல் நோய்களையும், துணியிலும் சுவரிலும் படரும் பூஞ்சணத்தையும்கூடக் குறித்தது என்று அறிஞர் கூறுகின்றனர். ஒரே சொல்லுக்குள் பல நோய்கள் அடைபட்டதால் எத்தனை பேர் காரணமின்றி ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டார்களோ!

எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும்

நாம் அடிக்கடி காணும் வெளிறிய தடங்கள் யாவை, அவற்றை எப்படி இனங்காண்பது என்று மருத்துவரம்மா எங்களுக்கு விளக்கினார்கள்.

முதலாவது, தேமல். இது நம் தோலில் இயல்பாகவே வாழும் ஒருவகைப் பூஞ்சையால் வருவது. வியர்வை மிகுந்த காலத்தில் அது பெருகி, மார்பு, முதுகு, கழுத்துப் பகுதிகளில் சிறு சிறு தடங்களாகப் படரும். நகத்தால் இலேசாகச் சுரண்டினால் தவிடுபோன்ற மெல்லிய செதில் உதிரும். அச்செதிலைக் கண்ணாடித் துண்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சையின் இழைகளும் உருண்டைகளும் தெளிவாகத் தெரியும். மருந்துக்கு எளிதில் அடங்கிவிடும். ஆனால் பழைய நிறம் திரும்பச் சில மாதங்கள் ஆகும்.

இரண்டாவது, சிறுவர் சிறுமியர் கன்னத்தில் வரும் வெளிறிய தடம். எங்கள் வகுப்பிலேயே மூவருக்கு இருந்தது. "வயிற்றில் பூச்சி இருக்கு, அதான்" என்று பாட்டிமார் வேப்பங்கொழுந்தை அரைத்துக் கொடுப்பார்கள். பூச்சிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்கின்றனர் மருத்துவர். வறண்ட தோலில் வருவது இது. வெயிலில் மற்ற இடம் கருக்கும்போது இது எடுப்பாகத் தெரியும். நாளடைவில் தானே மறையும்.

மூன்றாவது, படர்தாமரை. இது வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் தெளிந்து காணப்படும், நன்றாக அரிக்கும். இதற்கு மருந்துக் கடையில் நாமாகவே ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கித் தடவுவது பெருந்தவறு. அரிப்பு அடங்கும், பூஞ்சையோ உள்ளுக்குள் செழித்துப் பரவும். வட்ட வடிவமும் கலைந்துபோவதால், பிறகு மருத்துவரே கண்டுபிடிக்கத் திணற வேண்டியிருக்கும்.

நான்காவது, வெண்புள்ளி. மற்றவை வெளிறிய தடங்கள். இது மட்டும் பால்போல் முழு வெண்மை. தோலுக்கு நிறம் தரும் அணுக்களை உடலின் எதிர்ப்பாற்றலே தவறாக அழித்துவிடுவதால் வருகிறது. அவ்விடத்து மயிரும் சில வேளைகளில் வெளுக்கும். செதில் இராது, தொற்றாது.

ஐந்தாவது, பிறவியிலேயே இருக்கும் வெளிறிய மச்சம். பிறந்த நாள் முதலோ குழந்தைப் பருவம் முதலோ மாறாமல் இருந்து வருவதே இதற்கு அடையாளம்.

இந்த ஐந்திலும் பொதுவாக ஒன்று உண்டு. தொட்டால் தெரியும். இறகால் தடவினாலும் தெரியும். ஆறாவதாக வரும் தொழுநோய்த் தடமே இவற்றிலிருந்து வேறுபடுகிறது. அங்கே உணர்ச்சி குறைந்தோ முற்றிலும் இல்லாமலோ இருக்கும். அரிப்பு இராது. வியர்வை குறைந்து வறண்டிருக்கும். மயிரும் உதிர்ந்திருக்கக்கூடும். கிராமத்துச் சுவர்களில் "உணர்ச்சியற்ற தேமல்" என்று எழுதியிருப்பதைப் பேருந்தில் போகும்போது நாங்களும் பார்த்ததுண்டு. அச்சொற்களின் பொருள் இப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று.

நரம்பைத் தேடும் கிருமி

தொழுநோய்க் கிருமியை 1873இல் நார்வே நாட்டு மருத்துவர் அர்மவர் ஹான்சன் கண்டறிந்தார். ஒன்று இரண்டாகப் பெருக ஏறத்தாழ இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும் மிக மந்தமான கிருமி இது. அதனால்தான் உடலில் புகுந்து அடையாளம் காட்டச் சராசரியாக 5 ஆண்டுகளும், சிலருக்கு 20 ஆண்டுகளும்கூட ஆகின்றன. குளிர்ச்சியான இடமே இதற்குப் பிடிக்கும். எனவே உடலின் உட்பகுதியை விட்டு, தோல், மூக்கு, காது மடல், தோலை ஒட்டி ஓடும் நரம்புகள் ஆகியவற்றில் குடிகொள்கிறது.

முழங்கையின் உட்புறம் எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்தது போலச் சுரீரென்று இருக்கும் அல்லவா? அங்கே எலும்பை ஒட்டி ஓடுவது அல்நார் நரம்பு. கிருமி விரும்பித் தாக்கும் நரம்புகளுள் அதுவும் ஒன்று. அந்நரம்பு தடித்து நலிந்தால் முதலில் சுண்டுவிரலிலும் மோதிர விரலிலும் உணர்ச்சி மங்கும். பிறகு அவ்விரல்கள் மடங்கிப்போகும். பெரியம்மாவின் கையிலிருந்து நார் நழுவியது வயதினால் அன்று.

ஒருவருக்குத் தொழுநோய் என்று முடிவு செய்ய மருத்துவர்கள் மூன்று அடையாளங்களைத் தேடுகின்றனர். ஒன்று, உணர்ச்சி குறைந்த வெளிறிய அல்லது சிவந்த தடம். இரண்டு, தடித்த நரம்பும் அதனால் வந்த உணர்ச்சிக் குறைவோ தசைத் தளர்ச்சியோ. மூன்று, காது மடல் போன்ற இடத்தில் தோலைச் சிறிது கீறி எடுத்த நீரை நுண்ணோக்கியில் பார்க்கும்போது கிருமி தென்படுதல். இவற்றுள் ஒன்று உறுதியானாலே போதும்.

பெரியம்மாவைச் சோதித்த விதத்தை எங்கள் தோழி அருகிலிருந்து பார்த்தாள். பெரிய இயந்திரம் ஏதும் இல்லை. "கண்ணை மூடிக்கோங்கம்மா. நான் தொடுற இடத்தை விரலால காட்டுங்க" என்று சொல்லி, பேனா முனையால் மெல்லத் தொட்டார்களாம். தடத்துக்கு வெளியே தொட்டபோதெல்லாம் பெரியம்மா சரியாகக் காட்டினார். தடத்தின் நடுவில் தொட்டபோது கை அசையவில்லை. "இன்னும் தொடலையாம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டதும் தோழிக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது மருத்துவரம்மா பேனாவைத் தடத்தின் மேல்தான் வைத்திருந்தார்கள்.

இச்சோதனையைக் கற்றுக்கொண்ட நாங்கள், வீட்டுக்கு வீடு மருத்துவராகிவிடலாம் என்று நினைக்கவில்லை. முகத்தில் நரம்புகள் மிகுதியாக இருப்பதால் அங்குள்ள தடத்தில் உணர்ச்சிக் குறைவைக் கண்டறிவது கடினம். மற்றொரு வகைத் தொழுநோயில் உணர்ச்சியற்ற தடமே இராது. தோல் வழவழப்பாகப் பளபளக்கும். காது மடல் தடிக்கும். புருவ மயிர் உதிரும். "முகம் நல்லா மினுமினுன்னு இருக்கே" என்று பாராட்டக்கூடச் செய்வோம்! ஆகவே ஐயப்படுவது நம் வேலை. முடிவு சொல்வது மருத்துவர் வேலை. நோய் இன்னதென்று ஆராய்ந்த பிறகே மருத்துவம் செய்யவேண்டும் என்பதைத் திருவள்ளுவரும் 'மருந்து' அதிகாரத்தில் உணர்த்தியுள்ளார் அன்றோ?

வலி என்னும் காவலன்

பெரியம்மாவின் கொப்புளத்தைப் பற்றிக் கேட்ட சிஸ்டருக்கு உடனே நினைவுக்கு வந்தவர் புனித தமியான். பெல்ஜியத்தில் பிறந்த இக்குரு, ஹான்சன் கிருமியைக் கண்ட அதே 1873ஆம் ஆண்டில், ஹவாய்த் தீவுக் கூட்டத்தின் மொலக்காய்த் தீவுக்குச் சென்று, அங்கே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த தொழுநோயாளரோடு வாழ்ந்தார். 1884 டிசம்பரில் ஒரு நாள் மிகச் சூடான நீரில் காலை வைத்தார். தோல் கொப்பளித்தது, வலியோ தெரியவில்லை. தமக்கும் அந்நோய் வந்துவிட்டதை அவ்வாறே அறிந்துகொண்டார். அன்று நோயைக் குணமாக்கும் மருந்து இல்லை. 1889இல், 49ஆம் வயதில் இறந்தார். 2009இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்திற்று.

தொழுநோயில் விரல்கள் அழுகி விழுகின்றன என்று மக்கள் நம்பி வந்தனர். அது பிழை என்று காட்டியவர்களுள் முதன்மையானவர், நம் கொல்லிமலையில் பிறந்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட். வலி தெரியாததால் சூட்டுப் பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், முள் தைத்த காலோடு நடக்கிறார்கள், புண் புரையோடுகிறது, அதனாலேயே விரல் குறைகிறது என்று அவர் கண்டார். மடங்கிய விரல்களை நிமிர்த்தத் தசைநாணை இடம் மாற்றித் தைக்கும் அறுவை முறையையும் வளர்த்தார். வலி ஒரு தண்டனை என்றே இதுவரை எண்ணியிருந்தோம். அது நம் உடலின் காவலன் என்று இப்போது அறிகிறோம்.

கிரிவலப் பாதையில் 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு நடப்போரை நாம் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் காண்கிறோம். கல் குத்தினால் நாம் காலை எடுத்துவிடுவோம். பாதத்தில் உணர்ச்சி இழந்தவரோ அதே கல்லின்மேல் மறுபடியும் மறுபடியும் ஊன்றி நடப்பார். அப்பாதையில் விரல் குறைந்த கைகளை நீட்டுவோரைக் கண்டு நம்மில் சிலர் ஒதுங்கிப் போவதுண்டு. சிகிச்சை முடித்தவரிடமிருந்து நோய் பரவாது. அந்த ஊனம் நோயன்று. நோய் விட்டுச்சென்ற வடு.

நம் வட்டாரத்துக்கும் இந்நோய்க்கும் நீண்ட தொடர்பு உண்டு. வேலூரை அடுத்த கரிகிரியில் 1955இல் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. அதே ஆண்டில் மதுராந்தகத்துக்கு அருகே போலம்பாக்கத்தில் பெல்ஜிய மருத்துவர் ஹெமெரிக்ஸ் பணி தொடங்கினார். அவரும், பின்னர் இந்தியக் குடிமகளாகவே ஆகிவிட்ட டாக்டர் கிளேர் வெல்லூட் அம்மையாரும், நோயாளரை அடைத்து வைக்காமல், ஊர் ஊராகச் சென்று மரத்தடியிலேயே மருத்துவம் பார்த்தனர். நம் மாவட்டத்துச் சேத்துப்பட்டில் உள்ள புனித தோமையார் மருத்துவமனையும் தொழுநோய்ப் பணிக்குப் பெயர் பெற்றது.

இரண்டு பக்கமும் பிழை

அரிய நோயைப் பொதுவான நோய் என்று எண்ணுவது ஒரு பிழை. அதனால் பெரியம்மா இரண்டு ஆண்டுகளை இழந்தார். சாதாரணமான ஒன்றை அஞ்சத்தக்க நோய் என்று எண்ணுவது மற்றொரு பிழை. அதனாலும் வாழ்வு பாழாகும். வெண்புள்ளியை வெண்குஷ்டம் என்று சொல்லிப் பழகியதால் எத்தனை பெண்களின் திருமணம் நின்று போயிருக்கிறது! வெண்புள்ளிக்கும் தொழுநோய்க்கும் எவ்வித உறவும் இல்லை. அப்பெயரை நாம் நாவினின்றும் நீக்கவேண்டும்.

தொழுநோயே வந்தாலும் அஞ்சி ஒளிக்க வேண்டுவதில்லை. 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. நோயின் வகைக்கு ஏற்ப 6 மாதமோ 12 மாதமோ மருந்து உண்டால் குணமாகும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மருந்து இலவசம். பெரும்பாலானோர் உடலில் இக்கிருமியை வெல்லும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. கைகுலுக்குவதால் பரவுவதில்லை, பரம்பரை நோயும் அன்று. மருந்து தொடங்கியதுமே பரவும் தன்மை விரைந்து மறைகிறது. தொழுநோயாளரை அடைத்து வைக்க வழி செய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி மணவிலக்குக் கோர இடம் தந்த விதிகளும் 2019இல் நீக்கப்பட்டன. சட்டம் மாறிவிட்டது, மனம் மாறவேண்டியதே பாக்கி.

2005 டிசம்பரில், 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்னும் நிலையை நம் நாடு எட்டிற்று. ஆயினும் இன்றும் ஆண்டுதோறும் இந்தியாவில் ஒரு லட்சம் பேர் அளவில் புதிதாகக் கண்டறியப்படுகின்றனர். உலகில் புதிதாகக் காணப்படுவோரில் பாதிக்கு மேற்பட்டோர் நம் நாட்டவரே. நோய் அரிதாக அரிதாக அதை மறப்பதும் எளிதாகிறது. மறந்த நோய்தான் தேமல் என்னும் பெயரில் ஒளிந்துகொள்கிறது.

பெரியம்மா 6 மாதம் மருந்து உண்டு முடித்துவிட்டார். வீட்டார் அனைவரையும் சோதித்து, தடுப்பாக ஒரு வேளை ரிபாம்பிசின் மருந்தும் கொடுத்தார்கள். தடம் மங்கி வருகிறது. ஆனால் சுண்டுவிரலும் மோதிர விரலும் முன்போல் முழுவதும் நிமிரவில்லை. நாள்தோறும் எண்ணெய் தடவிப் பயிற்சி செய்கிறார். அடுப்பங்கரையில் பிடிதுணி இல்லாமல் எதையும் தொடுவதில்லை. நார் இன்னும் சில வேளைகளில் நழுவத்தான் செய்கிறது. "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே யாராவது தொட்டுப் பார்த்திருந்தா..." என்று ஒரு நாள் எங்களிடம் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

அன்புத் தோழியரே, பெற்றோரே! இன்று வீட்டுக்குப் போனதும் பாட்டி, தாத்தா, அம்மா, அப்பா, தம்பி, தங்கை எல்லோருடைய கை, கால், முதுகையும் ஒருமுறை பாருங்கள். நெடுநாளாக மாறாத தடம் ஏதேனும் இருந்தால் அரிக்கிறதா என்று மட்டும் கேளாதீர்கள். தொட்டால் தெரிகிறதா என்றும் கேளுங்கள். "தெரியவில்லை" என்றால் களிம்பு வாங்க ஓடாமல், கூசாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். "தெரிகிறது" என்றால் வீண் அச்சம் கொள்ளாதீர்கள், பிறரையும் அச்சுறுத்தாதீர்கள். தடம் மறையாவிட்டால் அப்போதும் மருத்துவரையே கேளுங்கள்.

பெரியம்மா கட்டிய மல்லிகைச் சரம்தான் எங்கள் வகுப்பறை மாதா சுரூபத்துக்கு நாள்தோறும் வருகிறது. அதில் ஒரு முடிச்சு சற்றுத் தளர்ந்திருந்தாலும் நாங்கள் அதைக் குறையாகக் காண்பதில்லை.

— பத்தாம் வகுப்பு மாணவி